தேய்த்துக் கழுவிய 1862 வெள்ளி ரூபாய்க்கு வீட்டிலேயே நிறம் ஏற்றலாமா?

அஸ்தம்பட்டி சேகரிப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் பட்டுப்புடவைப் பெட்டியின் அடியில் துணி முடிச்சில் வைத்திருந்த ஒன்பது காசுகளில் 1862 எனப் பொறித்த விக்டோரியா ரூபாய் ஒன்றும் இருந்தது. நான் முதலில் பார்த்தபோது அரசியின் முகம் கருஞ்சாம்பல் நிறத்திலும், ஓரத்தை ஒட்டி நீலமும் செம்பழுப்பும் கலந்த வளையம் ஒன்றும் தெரிந்தன. அந்த வளையத்தின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை. வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் போட வேண்டும், பளிச்சென்று இருக்கட்டும் என்று அம்மா சொன்னதால், சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கால் மணி நேரம் இரு பக்கமும் தேய்த்துவிட்டேன்.

காசு வெள்ளைவெளேரென்று ஆனது. அம்மாவுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மறுவாரம் சாய்வு வெளிச்சத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற சிறு உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது, அரசியின் கன்னத்திலும் எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திலும் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் தெரிந்தன. என் கையால் நேர்ந்த இழப்பு என்பதால் அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

இதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆயினும் இப்படி உயிரற்ற வெண்மையோடு பார்க்க மனம் ஒப்பவில்லை. வேகவைத்த முட்டை, கந்தகத் தூள், அடுப்பில் சூடேற்றுதல் எனப் பலரும் பலவற்றைச் சொல்கிறார்கள். இவற்றில் எதையாவது செய்து பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? செய்வது முறைதானா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏற்காட்டு ஆசிரியர்:

அஸ்தம்பட்டி நண்பருக்கு வணக்கம். பள்ளியில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், நிறம் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் எந்த முறை எதைக் கெடுக்கும் என்பதும் விளங்கிவிடும்.

காற்றில் மிகச் சிறிதளவாகக் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலிய கந்தகச் சேர்மங்கள், ஈரப்பதத்தின் துணையோடு வெள்ளியின் மேற்பரப்பில் வினைபுரிந்து வெள்ளி சல்ஃபைடு படலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் படலம் தலைமுடிப் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும்போதுதான் நாம் வண்ணங்களைக் காண்கிறோம். படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதைக் கடந்து போய் அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால், படலத்தின் தடிமனுக்கேற்பச் சில நிறங்கள் ஓங்கியும் சில அடங்கியும் தோன்றுகின்றன. மழைக்காலத்தில் சாலையில் சிந்திய டீசல் வானவில்லாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

இந்த நிறங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பொன்னிறம், அடுத்துச் செம்பழுப்பும் கருஞ்சிவப்பும், அதன்பின் நீலம், வெளிர்நீலம். படலம் மேலும் தடித்தால் மறுபடியும் மஞ்சளும் கருஞ்சிவப்பும் பச்சையும் வந்து, இறுதியில் கறுப்பில் முடியும். பல ஆண்டுகள் உறைக்குள் கிடந்த காசில் கந்தகக் காற்று ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்வதால், இந்த வரிசை மெல்ல மெல்ல ஒன்றில் ஒன்று கரைந்து தெரியும். நீங்கள் பார்த்த வளையம் அப்படிப்பட்டதுதான். மாறாக, வெறும் வெள்ளியை ஒட்டியே, இடையில் மஞ்சளோ பழுப்போ இல்லாமல், அடர்நீலம் திட்டாக நின்றால் அந்தக் காசைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிறம் திரும்பும், அது வெள்ளியின் இயல்பு. ஆனால் நீங்கள் இழந்தவை இரண்டு, அவற்றில் நிறம் ஒன்றுதான். அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் உண்டாகின்றன. நல்ல காசைச் சாய்த்துச் சுழற்றினால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் ஓர் ஒளிப்பட்டை சுற்றிவருவது அந்த வரிகளால்தான். லஸ்டர் என்று நாம் சொல்வது அதுவே. பிரஷ் அந்த வரிகளைச் சிதைத்து, அவற்றின் மேல் தன் கீறல்களைப் போட்டுவிட்டது. எந்தப் படலம் ஏறினாலும் கீறல் மறையாது. புதிதாகக் கீறப்பட்ட உலோகம் கந்தகத்தோடு எளிதில் வினைபுரிவதால், கீறல்கள் முன்னிலும் தெளிவாகத் தெரியவும் கூடும்.

கொலுசுப் பட்டறை:

ஆசிரியர் ஐயா சொன்னதைத் தொழில் பக்கத்திலிருந்து சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகக் கொலுசு வேலை நடக்கிறது. வெள்ளியை வெளுக்க வைப்பதும் கறுக்க வைப்பதும் எங்களுக்கு அன்றாட வேலை.

நாங்கள் கொலுசை பூந்திக்கொட்டை நீரில் நனைத்துப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறோம். அந்தப் பளபளப்பு கொலுசுக்கு அழகு, காசுக்கு அழிவு. எங்கள் தெருவில் பலர் நல்லெண்ணத்தோடு உறவினர்களின் பழைய ரூபாய்களை வாங்கி இப்படித் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நானும் சிறுவயதில் செய்திருக்கிறேன். இந்த இழையைப் படிக்கும் பட்டறைக்காரர்கள் யாராவது இருந்தால், காசு வந்தால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கறுப்பேற்றுவதை நாங்கள் ஆக்சிடைஸ் போடுவது என்போம். லிவர் ஆஃப் சல்ஃபர் எனக் கடையில் விற்கும் மஞ்சள் கலந்த பழுப்புக் கட்டியை வெந்நீரில் கரைத்து, நகையை முக்கி எடுத்தால் நொடிக்கணக்கில் கறுக்கும். பிறகு மேடான பகுதியை மட்டும் தேய்த்து வெளுக்க வைப்போம், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். கோயில் நகை மாதிரிச் சிற்ப வேலைகளுக்கு அது எடுப்பாக இருக்கும். இதையே காசில் செய்துதான் சிலர் பழையது என்று விற்கிறார்கள். காது மடலின் உள்ளே, முடியலங்காரத்தின் இடுக்கில், எழுத்துகளின் அடியில் மைபோல் கறுப்பு நின்று, மேடெல்லாம் ஒரே சீராக வெளுத்திருந்தால் அது பட்டறை வேலை. ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆர்வத்தால் ஒரு சோதனையும் செய்தேன். ஜார்ஜ் மன்னரின் 1919 ரூபாய் ஒன்று, காது வைத்துப் பற்றவைத்த தழும்போடு தாலிக்கொடியிலிருந்து கழற்றி உருக்க வந்தது. அதை நன்றாகக் கழுவி, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிளாஸ்டிக் மூடியின் மேல் வைத்து, அப்போதுதான் வேகவைத்து அறுத்த முட்டையைக் காசில் படாமல் பக்கத்தில் வைத்து மூடினேன். பத்து நிமிடத்தில் ஓரம் மஞ்சளானது. அரை மணிக்குள் பொன்னும் ஊதாவும் பரவின. உண்மையில் மிக அழகாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் முட்டையைப் பார்த்த பக்கம் முழுவதும் நீலச்சாம்பலாகிவிட்டது, எதிர்ப்பக்கம் இன்னும் மஞ்சளிலேயே நின்றது. மூடியில் சேர்ந்த ஆவி சொட்டிய இடத்தில் வட்டமாக ஒரு கறை விழுந்தது. தேதியின் மேல் என் கட்டைவிரல் ரேகை, நான் கழுவியதாக நினைத்தது, வரிவரியாக எழும்பி வந்தது. ஆறு மாதத்தில் அந்த ஊதா மங்கித் தவிட்டு நிறத் திட்டுகளாகிவிட்டது. வேகமாக ஏற்றிய நிறம் சீராக நிற்பதில்லை என்பது என் அனுபவம்.

ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். லிவர் ஆஃப் சல்ஃபர் கரைசலில் எலுமிச்சைச் சாறோ, புளியோ, வேறெந்த அமிலமோ பட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு கிளம்பும். சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போவதால், ஆபத்து நீங்கிவிட்டதாகத் தவறாக எண்ணிவிடுவோம். குழந்தைகள் உள்ள வீட்டின் சமையலறையில் இந்த வேலை வேண்டாம்.

காலணா:

வெள்ளியைப் பற்றியே பேச்சு போகிறது. செம்புக்கு விதி வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேய்த்த செம்பு இளஞ்சிவப்பாகி, சில வாரங்களில் திட்டுத்திட்டாகப் பழுக்கும். பழைய காலணாவில் நாம் விரும்பும் சாக்லேட் பழுப்பு பல்லாண்டு கையிலும் காற்றிலும் மெதுவாக உருவானது.

செம்புக்காசில் பச்சைக் களிம்பு பிடித்துக் காசை அரித்துக்கொண்டிருந்தால், அதை எடுத்தே ஆக வேண்டும். எடுத்த இடம் சிவந்த புண்போல் தெரியும். அந்நிலையில் கந்தகத் தூளை வாசலினில் குழைத்துத் தடவி, சில நிமிடங்களில் துடைத்து, மென்மையான துணியால் பலமுறை ஒற்றியெடுத்துப் பழுப்பேற்றுவது சேகரிப்பாளர்களிடையே நெடுநாள் வழக்கம். இதை நான் குற்றமாகக் கருதவில்லை. 1808ஆம் ஆண்டுத் தேதியிட்டு மதராஸ் மாகாணத்துக்காக அடிக்கப்பட்ட பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மீட்கப்பட்ட காசுகள் உப்பும் மணலும் இறுகிய கட்டிகளாக வந்தன. கழுவாமல் அவற்றை யாரும் படித்திருக்கவே முடியாது. இன்று அக்காசை வாங்குபவர் அது கடலிலிருந்து எடுத்துக் கழுவியது என்று அறிந்தே வாங்குகிறார்.

நான்கு ரோடு வாசகர்:

எல்லோரும் ஒரே பக்கம் நின்று பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தயோயூரியா கலந்த திரவத்தில் காசை முக்கிப் படலத்தை நீக்குவதை உலகம் முழுவதும் வணிகர்கள் செய்கிறார்கள். அளவோடு முக்கி எடுத்த வெள்ளிக்காசுகளுக்கு, காசைப் பரிசோதித்து அதன் நிலைக்கேற்ப எண்ணால் தரம் இடும் தரநிர்ணய நிறுவனங்கள் முழுத் தரமும் வழங்குகின்றன. அப்படியிருக்க, படலத்தை நீக்கினால் பாதுகாப்பு, படலத்தை ஏற்றினால் மோசடி என்பது எந்த நியாயம்? வேதியியல் இரண்டுக்கும் ஒன்றுதானே? பழுப்பு உறையில் ஐம்பது ஆண்டு கிடந்தால் இயற்கை என்கிறோம், அதே கந்தகம் பாட்டிலில் ஒரு மணி நேரத்தில் வந்தால் செயற்கை என்கிறோம். காலத்தைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. அஸ்தம்பட்டி அண்ணன் தன் வீட்டுக் காசைத் தான் விரும்பியபடி வைத்துக்கொள்ளட்டுமே.

சூரமங்கலம் வாசகி:

நான்கு ரோடு சகோதரரின் கேள்வி நேர்மையானது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவள் என்ற முறையில் பதில் சொல்ல விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில், ஓரத்தில் வானவில்லாக மின்னிய எட்வர்ட் மன்னர் ரூபாய் ஒன்றை, அதே தரத்துச் சாதாரணக் காசின் விலையைப்போல் மூன்று மடங்கு கொடுத்து வாங்கினேன். விற்றவர் இது பழைய குடும்பச் சேகரிப்பிலிருந்து வந்தது என்றார். வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது நீலமும் ஊதாவும் எழுத்துகளின் மேல் ஏறி இறங்கி, மேடு பள்ளம் என்ற வேறுபாடே இல்லாமல் பூசியதுபோல் படர்ந்திருந்தன. அடியில் துடைத்த கீறல்கள் வரிசையாக நின்றன. பிறகு தரநிர்ணயத்துக்கு அனுப்பினேன். எண் தரம் இல்லாமல், நிறம் ஐயத்துக்குரியது என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

இரண்டுக்கும் வேதியியல் ஒன்றாக இருக்கலாம். ஆனால் படலத்தை நீக்கியவர் அடியிலுள்ள பரப்பை எனக்குக் காட்டிவிடுகிறார். அது நன்றாக இல்லையென்றால் நான் விலகிக்கொள்வேன். படலத்தை ஏற்றியவர் அந்தப் பரப்பை என் கண்ணிலிருந்து மறைக்கிறார். என்னைப் பொறுத்தவரை வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. தேய்த்த காசுக்கு நிறம் ஏற்றுகிறவர்களில் பெரும்பாலோர் தேய்த்ததை மறைக்கவே ஏற்றுகிறார்கள்.

அஸ்தம்பட்டி ஐயா விற்கப் போவதில்லை என்கிறார், நம்புகிறேன். ஆனால் அவர் பேரன் விற்பாரா மாட்டாரா என்று அவரால் சொல்ல முடியாது. காசு நம்மைவிட நீண்ட நாள் இருக்கும்.

ஏற்காட்டு ஆசிரியர்:

சகோதரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டிலேயே வேதியியல் பாதுகாப்புக்கென ஆய்வகம் தொடங்கினார்கள். செப்புத் திருமேனிகளைத் தின்னும் களிம்பை அகற்றுவதற்காக அங்கே செய்த வேலையும் உலோகத்தின் முகத்தை மாற்றும் வேலைதான். ஆனால் பாதுகாப்புத் துறையில் என்ன செய்யப்பட்டது, எதனால் செய்யப்பட்டது என்பது பதிவாக வேண்டும் என்பது அடிப்படை நெறி. நம் வீட்டுக் காசுக்கும் ஒரு துண்டுச் சீட்டு போதும்.

நண்பருக்கு என் யோசனை இது. முதலில் தூய அசிட்டோனில் காசை ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும். பிறகு பழுப்பு நிறக் காகித உறையில் போட்டு வையுங்கள். மரக்கூழைச் சமைக்கும்போது சோடியம் சல்ஃபைடு சேர்ப்பதால் அவ்வகைக் காகிதத்தில் கந்தகத்தின் மிச்சம் இருக்கும். அது மெதுவாக வெளியேறும். ரப்பர் பேண்ட் மட்டும் உறையின் பக்கத்தில்கூட வேண்டாம். ரப்பரிலும் கந்தகம் உண்டு, காசின் குறுக்கே கறுப்புக் கோடு போட்டுவிடும். மென்மையான பி.வி.சி. உறையும் வேண்டாம், பச்சைப் பிசுக்கு படியும். நிறம் எப்போது வரும், எந்த நிறம் வரும் என்பதைக் காசு தீர்மானிக்கட்டும்.

அஸ்தம்பட்டி சேகரிப்பாளர்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பதினோரு மாதங்களுக்குப் பின் விளைவைத் தெரிவிக்கிறேன்.

தாயாரின் முடிச்சிலிருந்த இன்னொரு காசான 1942 ரூபாயையும் சோதனையில் சேர்த்துக்கொண்டேன். அதையும் நான் அன்றே தேய்த்திருந்தேன். 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்து, செம்பு நாற்பது விழுக்காடும் நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து விழுக்காடும் சேர்ந்ததால், 91.7 விழுக்காடு வெள்ளியுள்ள 1862 காசோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. இரண்டையும் அசிட்டோனில் ஊறவைத்துத் தனித்தனிப் பழுப்பு உறையில் போட்டு, ஏற்காட்டில் என் தங்கை வீட்டு மர அலமாரியில் வைத்தேன். சேலத்து வறண்ட வெயிலைவிட அங்கே ஈரம் அதிகம். ஐப்பசியில் மூடுபனி சன்னல் வழியே கூடத்துக்குள்ளேயே வந்துவிடும். அங்கு எப்போது போனாலும் உறையைப் பிரித்துப் பார்த்தேன்.

கார்த்திகை வரை எதுவும் தெரியவில்லை. தை மாதத்தில் 1942 காசு முழுவதும் மங்கலான தவிட்டு நிறம் கொண்டது. செம்பு மிகுந்ததால் என்று எண்ணுகிறேன். அதில் அழகென்று சொல்ல எதுவும் இல்லை. 1862 காசில் சித்திரையில்தான் மாற்றம் தெரிந்தது. ‘ஒன் ருபீ இந்தியா’ என்ற எழுத்துகளைச் சூழ்ந்த பூங்கொடியின் வெளியே, விளிம்பை ஒட்டி, காய்ந்த வைக்கோல் நிறத்தில் ஒரு மெல்லிய பிறை. இப்போது அது பாதி வட்டமாகி, விளிம்பில் மட்டும் பொன்னிறத்துக்கு மாறியிருக்கிறது. அரசியின் கன்னத்துக் கீறல்கள் அப்படியே இருக்கின்றன. ஆசிரியர் எச்சரித்தபடி, மஞ்சள் படர்ந்த இடத்திலுள்ள கீறல்கள் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. சுழற்றிப் பார்த்தால் ஒளிப்பட்டை வரவில்லை. வராது என்பதை ஏற்றுக்கொண்டேன். எனினும் அந்த உயிரற்ற வெண்மை போய்விட்டது. இதற்கு மேல் எதுவும் செய்யப் போவதில்லை.

காசை அட்டைச் சட்டத்தில் வைத்து, ‘சமையல் சோடாவும் பிரஷ்ஷும் கொண்டு தேய்க்கப்பட்டது, பிறகு காகித உறையில் நிறம் ஏறியது’ என்று மையால் எழுதி, தேய்த்த தேதியையும் என் பெயரையும் அடியில் இட்டிருக்கிறேன். வாசகி சொன்ன பேரனுக்கு இப்போது நான்கு வயது.

அடுத்த மாதம் மறுபடி நோன்பு வருகிறது. கலசத்துக்கு எந்தக் காசு என்று அம்மா நேற்றே கேட்டார்கள். 1942 காசை எடுத்துக் கொடுத்தேன். கறுத்திருக்கிறதே, ஒரு கை சாம்பல் வைத்துத் தேய்த்துவிடட்டுமா என்றார்கள். வேண்டாம் அம்மா, இப்படியே மஞ்சள் குங்குமம் வைத்துப் போடலாம் என்றேன். சிறிது நேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முந்தானையால் லேசாக ஒற்றிப் பூஜை அலமாரியில் வைத்தார்கள்.